பொன்னாடை வேண்டாம், கூலி கொடுங்கள்!

(தோட்டத்து ஊர்க்கலைகளுக்குச் சிறு நிதி பெறுவது குறித்து, தோட்ட இளைஞரும் மாதர் சங்கத்தாரும் றொசல்லவிற் கூட்டிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



வருகின்ற மாசியில் இத்தோட்டத்திற் காமன் கூத்து நடத்துவதற்குச் சிறு நிதியொன்று கேட்டு விண்ணப்பம் எழுதவேண்டும், அதற்கு யோசனை கூற வாருங்கள் என்று அழைத்தீர்கள். வந்தேன். விண்ணப்பம் எழுதுவது அரைநாள் வேலை. அதற்கு முன் நாம் நமக்குள்ளே பேசித் தீர்க்கவேண்டிய காரியம் ஒன்று இருக்கின்றது. அதனைத் தீர்க்காமல் எழுதினால், பணம் வந்தாலும் வெட்கம், வராவிட்டாலும் வெட்கம். ஆகையால் அதனையே முதலிற் பேச அனுமதி வேண்டுகிறேன்.

நாம் கேட்கப்போகும் தொகை பெரிதன்று. எண்பதாயிரம், ஓர் இலட்சம், மிஞ்சினால் இரண்டு மூன்று இலட்சம் ரூபா. கொழும்பிலே ஒரு பெரிய விடுதியில் ஒரு நாட் கருத்தரங்கு வைத்தால், தேநீருக்கும் சிற்றுண்டிக்குமே இத்தொகை போய்விடும். (அந்தத் தேநீரும் இந்த மலையிலிருந்துதான் போகின்றது என்பது வேறு கதை.) அரசாங்கத் திணைக்களமாயினும், அறநிறுவனமாயினும், வெளிநாட்டுத் தூதரகமாயினும், இத்தகைய சிறு நிதி தருவோர் இக்காலத்தில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். “உங்கள் முயற்சி அனைவரையும் உள்ளடக்கியதா? விளக்குக” என்பது அக்கேள்வி.

நல்ல கேள்வி. ஆனால் அதற்குப் பலர் எழுதும் விடையை நான் கண்டிருக்கிறேன். “பெண்கள், சிறுவர், மாற்றுத்திறனாளிகள், பிற இனத்தவர் யாவரும் பங்குபற்றுவர்” என்று ஒரு வரி. வரி அழகாகத்தான் இருக்கும். நிகழ்ச்சி நாளன்று ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு பிள்ளையை மேடைக்கு அழைப்பார்கள். குத்துவிளக்கில் ஒரு திரியை ஏற்றச் சொல்வார்கள். படம் எடுத்ததும் பிள்ளையை இறக்கிவிடுவார்கள். பக்கத்துக் கிராமத்து விகாரையின் பிக்கு ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பார். ஆடப்படுவது என்ன கதை என்று அவருக்குச் சொல்ல ஒருவரும் இரார். படம் அறிக்கையில் ஒட்டப்படும். அத்தோடு உள்ளடக்கம் முடிந்தது! இப்படி ஒரு விடை எழுதத்தான் வேண்டுமென்றால் நான் தேவையில்லை, தோழர்களே. அதனை யாரும் எழுதலாம்.

இதுவரை செலவழித்தவர் யார்?

தோட்டத்துக் கலைக்கு இத்தனை காலமும் பொருளுதவி செய்த வள்ளல் யார்? துரையா? கம்பெனியா? அரசாங்கமா? கொழுந்து எடுத்தவளும், கவ்வாத்து வெட்டியவனும், முள்ளுக் குத்தியவனுமே அந்த வள்ளல்கள்! கோயிலுக்கும் திருவிழாவுக்கும் என்று சம்பளத் துண்டிலே கழிக்கப்பட்ட காசு யாருடைய காசு? மாசிப் பிறை கண்டு கம்பம் நட்டபின், லயம் லயமாகச் சென்று எடுத்த வசூல் யாருடைய வசூல்? அரைவயிற்றுக் கஞ்சியோடு கிடந்த காலத்திலும், ரதியும் மதனும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் இம்மலைகளில் நின்றுவிடவில்லையென்றால், அதற்குக் காரணம் தொழிலாளியின் கைக்காசேயன்றி வேறில்லை.

திடல்கூட நமக்குச் சொந்தமில்லை. அக்காலத்தில் தோட்டம் தனியார் உடைமையாயிருந்தது. வெளியாள் ஒருவன் துரையின் அனுமதியின்றி லயத்து வாசலை மிதித்தால், அத்துமீறி நுழைந்தான் என்று வழக்கு வந்தது. கோ. நடேசய்யர் 1931 ஆம் ஆண்டு அற்றன் நகரை இடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியபோது, அவரும் மனைவியார் மீனாட்சி அம்மையும் பட்ட பாடு கொஞ்சமா? அம்மையார் கூட்டத்தைப் பாட்டாலே கூட்டினார். மக்கள் அறிந்த மெட்டுகளிலே தொழிலாளரின் துயரத்தைப் பாடினார். 1940 இல் அப்பாடல்களை அச்சிலும் ஏற்றினார். இம்மலையில் ஒரு பெண் பொதுவெளியில் நின்று பாடியதற்கு முன்மாதிரி தேடுவோர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. இங்கிருந்து அடுத்த புகைவண்டி நிலையத்துக்குப் போனாற் போதும்.

அதன்பின் காலம் மாறிற்று. 1948 இல் குடியுரிமை போயிற்று. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் மறுபடியும் கம்பெனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எஞ்சியோர்க்கும் குடியுரிமை வந்தது. ஆயினும் பொதுப்பணம் மட்டும் லயத்து வாசலிலேயே நின்றுவிட்டது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு என்று ஒன்றிருந்தது. பிரதேச சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாதபடி அது குறுக்கே கிடந்தது. வாக்குக் கேட்க வரலாம், வென்று சபையில் அமரலாம். வாக்களித்தவனின் லயத்துக்கு ஒரு பாதை போட, ஒரு வாசகசாலை கட்டச் சபைப் பணத்தைத் தொடலாகாது! 2018 ஆம் ஆண்டிலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டு! ஒரு தலைமுறை பிறந்து, படித்து, கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்விட்ட காலம் அது.

கலைக்கென்று அரசு வகுத்த வழியிலும் நமக்கு இடம் பின்வரிசையிலேதான். 1952 இல் இலங்கைக் கலைக்கழகம் அமைக்கப்பட்டது. அதன் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் நாட்டுக்கூத்துக்குச் செய்த தொண்டு மகத்தானது. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு செம்மைப்படுத்தி, 1962 இல் ‘கர்ணன் போர்’, 1964 இல் ‘இராவணேசன்’ என மேடையேற்றினார். படித்தவர் ஏளனம் செய்த கூத்து, அவரால் படித்தவர் அரங்கில் ஏறிற்று. அவரைக் குறை கூற என் நா எழாது. ஆயினும் ஒன்றை நினையாதிருக்க முடியவில்லை. பேராதனையிற் புகைவண்டி ஏறினால் சில மணி நேரத்தில் றொசல்ல வந்துவிடும். அந்தப் பாதையின் இருமருங்கிலும் மாசிதோறும் விடிய விடியக் காமன் எரிந்து எழுந்துகொண்டிருந்தான். அவனுக்கு அந்த அரங்கில் அத்தகைய ஆசனம் கிடைக்கவில்லை.

நம்மவரின் பாட்டுகளைத் தேடி எழுதிவைத்தவர் நம்மவரே. மடகும்பரையிற் பிறந்தவரும், 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டவருமான சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டந்தோட்டமாகச் சென்று மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தார்.

இத்தனையும் ஏன் சொன்னேன்? நிதி கேட்பதைப் பிச்சை கேட்பதாக எண்ணிக் கூசவேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். கொடுக்கப்படாதிருந்த பங்கைக் கேட்கிறோம். ஆனால் கேட்கும் நாம் நம் வீட்டுக்குள்ளே யாருக்குப் பங்கு கொடுக்காதிருந்தோம்? அங்கேதான் என் பேச்சு தொடங்குகிறது.

தப்புக்காரர் எங்கே நின்றார்?

தப்பு இல்லாத தோட்ட வாழ்வு உண்டா? விடியுமுன் பிரட்டுக்கு எழுப்பியது தப்பு. சாமி புறப்பட்டால் முன்னே சென்றது தப்பு. சாவு விழுந்தால் வாசலில் முழங்கியது தப்பு. காமன் திடலில் ரதி அழுதாலும் மதன் ஆடினாலும், அவர்களுடைய காலை எடுத்துவைத்தது தப்பின் அடி. அந்தத் தப்பை அடித்தவர் எங்கே நின்றார்? கோயில் வாசலுக்கு வெளியே நின்றார்! சாவு வீட்டிலே ஒரு போத்தல் சாராயத்தைக் கூலியென்று வாங்கினார். கூத்திலே ஆட்டக்காரருக்கு மாலை விழுந்தபோது, அவர் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டு ஓரத்தில் இருந்தார். நோட்டீசிலே அன்பளிப்புத் தந்தவர் பெயர் உண்டு, ஒலிபெருக்கிக்காரர் பெயர் உண்டு. தப்படித்தவர் பெயர் உண்டா? பழைய நோட்டீசுகளை எடுத்துப் பாருங்கள்.

கடல் கடந்து வந்தோம். காட்டை அழித்தோம். ஒரே லயத்தில் ஒரே கூரையின் கீழ் ஐந்தாறு தலைமுறை வாழ்ந்தோம். காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள்ளும் சாதிக்கு ஒரு மூலை ஒதுக்கி வைத்தோமே! துரை நம்மை ஆளாக மதிக்கவில்லை என்று குமுறுகின்ற நாம், தப்புக்காரரை ஆளாக மதித்தோமா? இதைக் கேட்டால் “அதெல்லாம் பழைய கதை, இப்போது யார் சாதி பார்க்கிறார்கள்?” என்பீர்கள். நல்லது. அப்படியானால் தப்படிப்பவர் வீட்டுப் பையன் மன்மதன் வேடம் கட்டட்டும். கோயிற் கமிட்டித் தலைவர் வீட்டுப் பையன் தப்பைத் தோளில் மாட்டட்டும். சம்மதமா? சிலர் புன்னகை செய்கிறீர்கள். சிலர் தரையைப் பார்க்கிறீர்கள்.

தப்படிக்கும் குடும்பங்களின் இளைஞர் பலர் இன்று அதனைத் தொட மறுக்கிறார்கள். “கலை அழிகிறதே!” என்று நாம் கண்ணீர் விடுகிறோம். மறுப்பவனுடைய நியாயம் என்ன? அவனுடைய தகப்பனுக்கு அது கலையாயிருக்கவில்லை. விதிக்கப்பட்ட ஊழியமாயிருந்தது. மறுப்பது அவன் மானம். அவனை வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவன் விரும்பி வரும்படி செய்ய வழி உண்டு. தமிழ்நாட்டிலே திண்டுக்கல்லில், 1990 களில், சக்தி கலைக்குழு என்ற பெண்கள் குழு பறையைக் கையில் எடுத்தது. எந்தக் கருவியைச் சொல்லி அவர்களுடைய குலத்தை இழிவு செய்தார்களோ, அதே கருவியைத் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண்கள் சலங்கை கட்டி, அணிவகுத்து, பொது அரங்கிலே முழக்கினார்கள். சாவு வீட்டு வாசலில் நின்றபோது தலைகுனிவாக இருந்த அடி, தாமே தெரிந்தெடுத்த மேடையில் தலைநிமிர்வாயிற்று. தோலும் அதே தோல், குச்சியும் அதே குச்சி. அடித்தவரின் நிலைதான் மாறிற்று.

ஆகவே என் முதல் யோசனை இது. பழைய வசூல் எதற்கு ஒருநாளும் கொடுத்ததில்லையோ, அதற்கே இந்தப் புதுப்பணம் போகவேண்டும். பந்தலுக்குப் பழைய வசூல் கொடுத்தது, கொடுக்கட்டும். ஒலிபெருக்கிக்குக் கொடுத்தது, கொடுக்கட்டும். விருந்தாளியின் மாலைக்கும் பொன்னாடைக்கும் கொடுத்தது. அது நின்றாலும் நட்டமில்லை. தப்புக் கலைஞருக்கு அது கூலி கொடுத்ததில்லை. எனவே விண்ணப்பத்தின் செலவுக் கணக்கிலே முதல் வரி, “தப்புக் கலைஞர் கூலி” என்று இருக்கட்டும். சாராயமாக வேண்டாம், பொன்னாடையாக வேண்டாம். கையெழுத்து வாங்கிக் கையிலே எண்ணிக் கொடுக்கிற ரூபாயாக!

எவ்வளவு என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்டக்காரர் பன்னிருவர், தப்புக் கலைஞர் நால்வர் என்று வையுங்கள். விடிய விடிய ஆடியவன் மறுநாள் மலைக்குப் போகமாட்டான். போனாலும் அரைப்பேர்தான் விழும். ஆகவே கூத்திரவுக்கு ஒரு பேர், மறுநாளுக்கு ஒரு பேர். 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று விதிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஆளுக்கு 2,700. பதினாறு பேருக்கு 43,200 ரூபா. இன்று நடைமுறையிலுள்ள தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். இலட்சம் ரூபா நிதியில் ஏறத்தாழப் பாதி இதற்கே போய்விடும். போகட்டும்! ஆட்டக்காரனுக்கும் தப்புக்காரனுக்கும் ஒரே கூலி என்பதிலே மட்டும் உறுதியாயிருங்கள். அதிலே பத்து ரூபா வேற்றுமை வைத்தாலும், நாம் பேசியதெல்லாம் வீண்.

ரதியைப் பெண் ஆடலாகாதா?

அடுத்து, பெண்கள். ரதியின் புலம்பலைக் கேட்டுத் தாய்மார்கள் கண்ணீர் விடுகிறார்கள். புலம்புகிறவனோ மீசை மழித்த ஆண்பிள்ளை! மலையிலே பாடியவள் பெண். தாலாட்டும் ஒப்பாரியும் அவளுடையவை. சி. வி. அவர்கள் தொகுத்த பாட்டுகளில் எத்தனை அவளுடைய வாயிலிருந்து பிறந்தவை! திடலில் மட்டும் அவள் பார்வையாளர்.

“விரதம் இருந்து, காப்புக் கட்டி ஆடுகிற கூத்து, பெண் எப்படி ஆடுவது?” என்று பெரியவர் சிலர் கேட்பார்கள். அவர்களை நான் இகழமாட்டேன். காமன் கூத்து வெறும் நாடகமன்று, வழிபாடும் ஆகும் என்பதனை அறிவேன். அதனாற்றான் இதை வெளியிலிருந்து வந்த நானோ, நிதி தருகிற அதிகாரியோ கட்டளையிடக் கூடாது என்கிறேன். மட்டக்களப்புச் சீலாமுனையிலே 2002 தொடக்கம் கூத்து மீளுருவாக்கம் என்று ஒரு முயற்சி நடந்தது. கலாநிதி சி. ஜெயசங்கர் அதில் முன்னின்றார். ஊர்க் கூத்தரும், அண்ணாவியாரும், இளைஞரும், பெண்களும் கூடியிருந்து, கூத்திலே எது நிலைக்கவேண்டும், எது மாறவேண்டும் என்று தாமே விவாதித்தார்கள். மாற்றத்தை மேலிருந்து இறக்காமல், ஊரின் நடுவில் வைத்துப் பேசினார்கள். காஞ்சிபுரத்தின் அருகே 1990 இல் அமைந்த கட்டைக்கூத்துச் சங்கமோ, 2002 இல் ஒரு குருகுலம் திறந்து, ஆண்களே ஆடிவந்த கட்டைக்கூத்தைப் பெண்பிள்ளைகளுக்கும் கற்பித்தது. கூத்து செத்துவிடவில்லை. பார்க்க வந்த தாய்மார்கள் தங்கள் மகள் ஆடுவதைப் பார்த்தார்கள்.

நீங்களும் பேசுங்கள். வழிபாட்டுக்குரிய ஆட்டம் பழையபடி நடக்கட்டும். அதற்கு முன்னொரு நாள், பெண்கள் ஆடும் காமனை ஒரு முறை பாருங்கள் என்று யாராவது சொல்லலாம். அல்லது அந்தப் புலம்பலை மட்டும் ஒரு தாய் பாடலாம். எந்த வழி என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நீங்கள். அந்தத் தீர்மானக் கூட்டத்தில் பெண்கள் பாதிப்பேர் இருக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆனால் ஒன்று. பெண் ஏன் ஒத்திகைக்கு வரமுடியவில்லை என்று எந்த ஆணாவது யோசித்ததுண்டா? விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிறாள். மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, விறகு, தண்ணீர், ரொட்டி, பிள்ளை. எட்டு மணிக்கு ஒத்திகை என்றால் பிள்ளையை யார் பார்ப்பது? ஒத்திகை இருக்கும் மாலைகளிலே பிள்ளைக்காம்பராவைத் திறந்து வைத்து, அங்கே ஒரு அம்மாவை அமர்த்தி, அவருக்கும் கூலி கொடுங்கள். இரவில் திடலிலிருந்து லயத்துக்குத் திரும்பும் பாதைக்கு நான்கு விளக்குப் போடுங்கள். செலவுக் கணக்கிலே “கலாசாரம்” என்ற தலைப்பின் கீழ் இவற்றை எழுதினால், படிக்கின்ற அதிகாரி திகைப்பார். திகைக்கட்டும். விளக்கில்லாத பாதையிலே எந்தக் கலாசாரமும் நடந்து வராது.

திடலைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகின்றது. நம் லயங்கள் சரிவிலே தொங்குபவை. படிகளிலே இறங்கித்தான் திடலுக்கு வரவேண்டும். கால் முடியாதவர், கண் தெரியாதவர், பக்கவாதத்திலே விழுந்த முதியவர் எத்தனை பேர் லயத்துக்குள்ளேயே இருந்து தப்புச் சத்தத்தை மட்டும் கேட்கிறார்கள்! கொழும்பிலே 2000 ஆம் ஆண்டு சுனேரா மன்றம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளான இளைஞரை மேடையிலே ஆடவும் நடிக்கவும் பயிற்றி, அவர்களைக் கலைஞராகவே நாட்டுக்குக் காட்டியது. நமக்கு அத்தனை பெரிய முயற்சி உடனே கைகூடாது போகலாம். திடலைப் பாதையோரத்துக்கு மாற்றுவதற்கு என்ன தடை? கண் தெரியாதவர் பின்பாட்டுப் பாடுவதற்கு என்ன தடை? குத்துவிளக்குத் திரி ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். கூத்திலே ஒரு பொறுப்பைக் கொடுங்கள்.

கிராமத்தார் வருவார்களா?

இனி, பக்கத்துச் சிங்களக் கிராமங்கள். 1977 இலும் 1983 இலும் இம்மலைகளில் நடந்ததை நாம் மறக்கவில்லை. லயங்கள் எரிந்ததைக் கண்ட கண்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கக்கூடும். அதனை மறந்துவிட்டுக் கைகோத்துப் படம் எடுப்போம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே பேருந்தில் கினிகத்தேனைக்குப் போகிறோம், ஒரே சந்தையில் மரக்கறி வாங்குகிறோம், சிவனொளிபாத மலைக்குப் போகிற அடியாரை இரு சாராரும் பார்க்கிறோம். கூத்தை மட்டும் ஏன் ஒருவருக்கொருவர் அந்நியமாக வைத்திருக்கவேண்டும்?

2000 களின் தொடக்கத்தில் பராக்கிரம நிரியெல்ல அவர்களும் நண்பர்களும் ‘ஜனகரலிய’ என்ற நடமாடும் நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். தமிழில் ‘மக்கள் களரி’ என்றும் பெயர். சிங்கள, தமிழ் இளைஞர் ஒன்றாகத் தங்கி, ஒருவர் மொழியை மற்றவர் கற்று, இரு மொழிகளிலும் நடித்தார்கள். போர் நடந்த காலத்திலே இது நடந்தது! ஒருவர் மொழியிலே வசனம் பேசப் பல மாதம் பழகியவனுக்கு, அவர் வெறும் “மற்ற இனத்தவர்” ஆக இருக்கமுடியாது. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒருவரையொருவர் கொன்ற வட அயர்லாந்திலே, 1990 இல் சமூக உறவுகள் பேரவை ஒன்று நிறுவப்பட்டது. அதுவும் ஊர்க்குழுக்களுக்குச் சிறு சிறு நிதிகளை வழங்கும் முறையைக் கைக்கொண்டது.

நமக்கு மிக எளிய வழி ஒன்றிருக்கின்றது. இடையிடையே வந்து சிரிப்பூட்டும் கோமாளிக்கு எதையும் பேசும் சுதந்திரம் உண்டல்லவா? அவன் இந்த முறை சிங்களத்திலும் பேசட்டும். கதையைச் சொல்லட்டும், நையாண்டி செய்யட்டும். நம் இளைஞரிற் பலர் நன்றாகச் சிங்களம் பேசுவார்கள். பிக்கு அவர்களும் அவருடன் வருவோரும் அர்த்தம் புரிந்து சிரித்தால், அதைவிட நல்ல அறிக்கை எந்த நிதி நிறுவனத்துக்கும் கிடையாது.

நிதி தருவோருக்கும் சில வார்த்தை

எல்லாப் பழியையும் நம் தலையிலேயே போட்டுக்கொண்டு போகவும் நான் விரும்பவில்லை. தமிழ் இந்நாட்டில் அரச கரும மொழியாக 1987 இல் 13 ஆம் திருத்தத்தால் ஏற்கப்பட்டது. ஆயினும் நானறிந்த ஒரு தோட்டத்து இளைஞர், சிறு நிதிக்கான விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி அனுப்பினர். ஆங்கிலத்தில் எழுதி அனுப்புக என்று திரும்பி வந்தது. அனுப்பிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ‘அனைவரையும் உள்ளடக்குக’ என்ற அறிவுரை ஒரு மொழியிலே மட்டும் அச்சாகியிருந்தால், உள்ளடக்கப்பட வேண்டியவர் அந்த அறிவுரையா, நாமா?

காலமும் ஒரு சிக்கல். அரசாங்கத்தின் நிதியாண்டு தைமாத முதல் வாரங்களுக்கு முன் தொடங்குகின்றது. ஒதுக்கீடு வந்து, குழு கூடி, காசோலை எழுதப்படுவதற்குள் மாசி போய்விடும். காமன் எரிந்த பிறகு எண்ணெய் வந்து என்ன பயன்? ஆகவே இந்த ஆண்டு கேட்பதை அடுத்த மாசிக்கென்று கேளுங்கள். “முதலிற் செலவிடுங்கள், பற்றுச்சீட்டைக் காட்டினால் தருவோம்” என்கின்ற நிதியையும் ஏற்காதீர்கள். கையிலே காசில்லாதவன் முதலில் எதைச் செலவிடுவான்? வட்டிக்கு வாங்குவான். கூத்து முடிந்தபின் கடன் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு பேராபத்து நம் பக்கத்திலேயே இருக்கின்றது. ஒரு தோட்டத்திலே இரண்டு மூன்று தொழிற்சங்கங்கள். பணம் ஒரு சங்கத்துத் தலைவர் கைக்குப் போயிற்றென்றால், மற்றச் சங்கத்தார் பிள்ளைகள் ஒத்திகைக்கு வாரார். அடுத்த தேர்தலிலே அந்தக் கூத்துப் படம் சுவரொட்டியாகும். சங்கங்கள் வேண்டும், சம்பளத்துக்குப் போராட வேண்டும். கூத்துக் கணக்குப் புத்தகம் அவற்றின் அலுமாரிக்குள் போகவேண்டாம். வாசகசாலைச் சுவரிலே வரவு செலவை எழுதி ஒட்டுங்கள். எத்தனை ரூபா வந்தது, யாருக்கு எத்தனை போயிற்று என்று ஒவ்வொரு லயத்தாரும் நின்று வாசிக்கட்டும்.

அன்பர்களே, வரும் ஞாயிறு மாலை மறுபடியும் கூடுவோம் என்று தலைவர் அவர்கள் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இந்தக் கூட்டத்திலே நான் சுற்றிப் பார்த்தேன். ஆட்டக்காரர் இருக்கிறார்கள், வாத்தியார் இருக்கிறார், கமிட்டியார் இருக்கிறார்கள். தப்படிப்பவர்கள் ஒருவரையும் காணவில்லை. அவர்களை யாரும் அழைக்கவில்லை என்று கேட்டறிந்தேன். ஆளனுப்பிக் கூப்பிடாதீர்கள். கமிட்டியாரே அவர்களுடைய காம்பராவுக்குப் போய், பாயில் உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்து, நான் சொன்ன கணக்கைச் சொல்லுங்கள். கூலி இவ்வளவு, நோட்டீசிலே பெயர் இங்கே, வேடம் கட்ட விரும்பும் பிள்ளைகளுக்கு வேடம், தப்புப் பழக வரும் மற்றப் பிள்ளைகளுக்கு நீங்களே வாத்தியார் என்று சொல்லுங்கள். அவர்கள் யோசிக்க நேரம் கேட்டால் கொடுங்கள். ஞாயிறன்று அவர்கள் வந்து அமர்ந்த பிறகே விண்ணப்பத் தாளை எடுங்கள். அவர்கள் வர மறுத்தால், இந்த முறை தாளை எடுக்கவேண்டாம். மறுபடியும் அவர்கள் வாசலுக்குப் போங்கள்.